இருபத்துநான்கு மணி நேர ஓய்வு

தேநீருக்கு நன்றி. சர்க்கரை கொஞ்சம் தூக்கல், ஆனாலும் பரவாயில்லை. பிஸ்கட்டை மட்டும் நீங்கள் வெளியே போன பிறகு எடுத்துக்கொள்கிறேன். யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் எனக்குத் தொண்டையில் இறங்குவதில்லை. ஒரு வருடமாகத்தான் இப்படி.

நடந்ததை வரிசையாகச் சொல்லச் சொன்னீர்கள். வரிசைதான் என் வேலையே. உலகம் முழுவதிலிருந்தும் ஓவியமும் சிற்பமும் வந்து இறங்கும் கலைச் சந்தையில் பதினெட்டு வருடமாக நான் பெட்டிப் பொறுப்பாளர். நவீனக் கலைக்கு ஓர் அரங்கு, சமகாலக் கலைக்கு ஓர் அரங்கு. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று என்னைக் கேட்காதீர்கள். இரண்டாவது அரங்குக்கு வரும் பெட்டிகளில் சில சமயம் வெறும் செங்கல் இருக்கும், அதனால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். எனக்குத் தெரிந்த வித்தியாசம் அதுதான்.

பெட்டிகளுக்கு இரண்டு விதிகள் உண்டு. வந்து இறங்கிய பெட்டியை இருபத்துநான்கு மணி நேரத்துக்குத் திறக்கக் கூடாது. வெளிக் காற்றில் வந்த பொருளை அரங்கின் குளிர்காற்றில் சட்டென்று திறந்து வைத்தால் மரம் வளையும், வர்ணம் வெடிக்கும். பெட்டிக்கு ஓய்வு கொடுப்பது என்று இதைச் சொல்வோம். நகர்த்தலாம், திறக்கத்தான் கூடாது. இரண்டாவது விதி, பெட்டியில் ஓட்டையோ விரிசலோ இருந்தால் உடனே ஒட்டிவிட வேண்டும், ஈரக்காற்று உள்ளே போகக் கூடாது. இந்த இரண்டையும் நான் யாருக்காகவும் தளர்த்தியது கிடையாது. பெரிய மனிதர்கள் காலில் விழாத குறையாகக் கேட்டிருக்கிறார்கள்.

இனி மாப்பிள்ளை. என் தங்கையின் கணவர். கலை உலகில் அவருக்கு ‘மௌனி’ என்று பெயர். ஒரு நாற்காலியில் நான்கு நாள் வாயைத் திறக்காமல் உட்கார்ந்து பேர் வாங்கியவர். வீட்டில் அவர் வாயை மூடி நான் பார்த்ததில்லை.

போன வருடம் தங்கை மகளின் பிறந்தநாளுக்குப் போயிருந்தேன். எதிரே புத்தக அலமாரியில் அவர் கேமராவை ஒளித்து வைத்திருந்தது எனக்குத் தெரியாது. நான் சாப்பிட்டதை நாற்பது நிமிடம், ஒரு வாய் விடாமல் எடுத்துவிட்டார். அது எங்கள் சந்தையிலேயே ஒரு சுவர் அகலத்துக்கு ஓடியது. ‘மச்சான் சாப்பிடுகிறார்’ என்று தலைப்பு. மெல்லும்போது என் காதுகள் அசையும். சின்ன வயதில் தங்கை அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிப்பாள், அவளுக்காகவே நானும் வேகவேகமாக மெல்வேன். அந்தக் காதுகள் இப்போது ஆள் உயரத்துக்கு அசைந்தன. பக்கத்து அட்டையில் ‘மனிதனின் தீராப் பசி’ என்று எழுதியிருந்தது. எனக்குத் தீராப் பசியெல்லாம் கிடையாது. அன்று காலையில் சாப்பிடாமல் போயிருந்தேன், அவ்வளவுதான்.

அரங்கின் உணவகத்தில் நான் தட்டோடு உட்கார்ந்தால் நாலு பேர் போனைத் தூக்கினார்கள். ஓர் அம்மாள் தன் பிள்ளையிடம் என் காதைச் சுட்டிக் காட்டினாள். அதற்குப் பிறகு கிடங்கில், பெட்டிகளுக்குப் பின்னால், சுவரைப் பார்த்து நின்றபடி சாப்பிடப் பழகிக்கொண்டேன். படத்தை நிறுத்தச் சொல்லி மாப்பிள்ளையிடம் ஒரு தடவை கேட்டேன்.

“மச்சான், அதுல இருக்கிறது நீங்க இல்ல. மனுஷகுலம்” என்றார்.

மனுஷகுலத்துக்கு என் சட்டை எதற்கு என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் அவமானம் வேறு, வன்மம் வேறு. அவர்மேல் எனக்கு வன்மம் இல்லை. எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த வருடம் சந்தை தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்னால் தங்கை வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள்.

“அண்ணா, இந்தத் தடவை அவரே பெட்டிக்குள்ள உட்கார்ந்து வர்றாரு. முதலாளியம்மாவுக்குக்கூடத் தெரியாது, மெழுகுச் சிலைன்னு நெனச்சுட்டிருக்காங்க. ஒன்பது மணிக்கு வந்து சேரும், பன்னெண்டு மணிக்குத் திறந்துடுவாங்க. ஏதாவது ஒண்ணுன்னா மூணு தட்டு தட்டுவாரு. நீ இருக்கேங்கிற தைரியத்துலதான் நான் சரின்னு சொன்னேன்.”

முதலாளியம்மா என்றது மாப்பிள்ளையின் படைப்புகளை விற்கும் காட்சிக்கூடத்துக்காரரை. பார்த்துக்கொள்கிறேன் என்று தங்கையிடம் சொன்னேன். பார்த்துக்கொண்டும் இருந்தேன்.

சந்தையின் முதல் நாள் காலை, பெட்டி சரியாக ஒன்பது மணிக்கு வந்தது. நல்ல பெட்டி. உள்ளே நான்கு விரற்கடை நுரை, மூடியைச் சுற்றி ரப்பர். தங்கையே திருகாணி போட்டு மூடி அனுப்பியிருந்தாள், ஒன்றுகூடக் கோணவில்லை. ‘மெழுகுச் சிலை, ஒன்று’ என்று தாள் சொன்னது, நானும் அப்படியே பதிந்தேன். கைப்பிடிக்குக் கீழே ஆறு ஓட்டைகள் இருந்தன. இரண்டாவது விதியை முன்பே சொன்னேன் அல்லவா. ஒட்டினேன். வெள்ளி நிற டேப், இரண்டு அடுக்கு.

பதினொன்றே முக்காலுக்கு முதலாளியம்மா விருந்தினர்களோடு வந்து பெட்டியைத் திறக்கச் சொன்னார். அவரே கையெழுத்துப் போட்ட விதித்தாளைக் காட்டினேன். முகம் சுண்டிப்போய்விட்டது. ஆனாலும் கெட்டிக்காரர். மூடிய பெட்டியையே தன் கடைக்கு நகர்த்தச் சொல்லி, நடுவில் வைத்து, மேலே விளக்கைப் போட்டுவிட்டார்.

கூட்டம் கூடியது. சற்று நேரத்தில் உள்ளேயிருந்து மூன்று தட்டு கேட்டது. பிறகு எல்லாரும் கைதட்டினார்கள். மாப்பிள்ளை சிலைக்குள் ஏதோ ஒலிக்கருவி வைத்திருக்கிறார் என்று முதலாளியம்மா பூரித்துப் போனார். மறுபடி மூன்று தட்டு. ஒரு தம்பதி குனிந்து மூன்று தட்டு பதிலுக்குத் தட்டினார்கள். அதற்கப்புறம் உள்ளே தாளம் தப்பியது, வேகம் கூடியது. இடையில் ஒரு சொல் நுரையைத் தாண்டி மங்கலாக வந்தது. அது ஏதோ அழிந்துபோன மொழி என்றார் ஒரு விமர்சகர். கடலின் ஓசை என்றார் இன்னொருவர். அவர்கள் வாதாடிக்கொண்டிருக்கும்போது மறுபடியும் கேட்டது. ‘மச்சான்’ என்ற சொல் அது. எனக்கு மட்டும்தான் புரிந்தது. நான் சொல்லிக்கொள்ளவில்லை, கலையைப் பற்றி அவர்களுக்கு நான் என்ன சொல்ல முடியும்.

படித்தவர்கள் இருநூறு பேர் அந்தச் சத்தத்தைக் கேட்டார்கள். யாரும் திறக்கவில்லை. நான் ஒருவன்தான் விதிப்படி திறக்காமல் இருந்தவன் என்பதையும் கவனியுங்கள்.

ஒரு மணிக்குச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது சத்தம் நின்றிருந்தது. ‘இந்த மௌனத்துக்கு முன்னால் அந்த நான்கு நாள் நாற்காலி ஒன்றுமே இல்லை’ என்று விமர்சகர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நானே திருகாணிகளைக் கழற்றினேன். ஒரு நிமிடம் முன்னால் இல்லை, பின்னால் இல்லை. மெழுகு வேலையைப் பார்த்து எல்லாரும் அசந்து போனார்கள். நகக்கண்ணில் சிக்கியிருந்த நுரைத் துணுக்கை ஒருவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். மூடியின் உட்புறக் கீறல்களும் சிலையோடு சேர்ந்ததா என்று கேட்டார் ஒரு சேகரிப்பாளர். சேர்ந்ததுதான் என்றார் முதலாளியம்மா. இருபது நிமிடத்தில் விற்றுப்போனது. வாங்கியவர், சேதம் ஏதும் உண்டா என்று பார்க்க நிபுணர் ஒருவரை அனுப்பினார். அவர் கையுறை போட்ட விரலால் கன்னத்தைத் தொட்டார். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டுத் தொட்டார். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஆமாம், உள்ளே இருப்பது யார் என்று எனக்குத் தெரியும். ஓட்டை எதற்கு என்று தெரிந்துதான் ஒட்டினேன். இதைச் சொல்ல எனக்கு ஒரு தயக்கமும் இல்லை. விதி எல்லாருக்கும் ஒன்றுதான், சொந்தக்காரர் என்று சலுகை காட்டினால் நாளைக்கு யார் மதிப்பார்கள்?

அந்த ஒரு மணிக்கு எங்கே போனேன் என்று கேட்டீர்கள். உணவகத்துக்கு. நடு மேசையில் உட்கார்ந்தேன். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, எல்லாரும் பெட்டியைப் பார்க்கப் போயிருந்தார்கள். நிதானமாக மென்றேன். காது அசைந்தது, அசையட்டும் என்று விட்டுவிட்டேன். கடைசி வாய்க்கு நேரம் பார்த்தேன். நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. அப்போதுதான் தங்கை போன் செய்தாள். குழந்தைக்குக் காய்ச்சல், அதனால் அவளால் வர முடியவில்லை.

“அண்ணா, அவர் எப்படி இருக்காரு?”

“நல்லா இருக்காரும்மா. கூட்டம் அள்ளுது. நாளைக்குக் காலைலதான் வெளிய வருவாராம், அதுவரைக்கும் போன் கூடாதாம்.”

“நீ பக்கத்துலதானே இருக்கே?”

இருக்கிறேன் என்றேன்.

“அப்ப சரி. நீ சாப்பிட்டியா?”

“இப்பதாம்மா. உட்கார்ந்து, வயிறு நெறைய.”

அவளுக்கு அப்படியொரு சந்தோஷம். அழுதேவிட்டாள். அந்தப் படம் வந்ததிலிருந்து நான் யார் முன்னாலும் சாப்பிடுவதில்லை என்று அவளுக்குத்தான் மனசு ஆறவில்லை. நான் அதையெல்லாம் எப்போதோ மறந்துவிட்டேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.