சனிக்கிழமைப் பந்தாட்டம்

மகனைத் தூத்துக்குடியில் கப்பலேற்றிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். ஆரல்வாய்மொழியில் பஸ் ஏறிய ஒரு பள்ளிக்கூட வாத்தியாரும் அவருடைய மாணவன் ஒருவனின் தகப்பனாரும் எனக்கு முன்னால் உட்கார்ந்தார்கள்.

“சனிக்கிழமை பந்தாட்டத்துல நாம தோத்துக் குடுக்கணும் வேய்,” என்றார் வாத்தியார்.

“உமக்கு என்ன கிறுக்கா சாரே? எனக்க மவன் சோறுகூடத் திங்காம பந்து தட்டிட்டுக் கெடக்கான்.”

“இந்த வருசம் தோத்தா, அடுத்த வருசம் நம்மள சின்னப் பள்ளிக்கூடங்களோட சேத்து விடுவாவ. நம்ம பொடிப்பயலுவளும் அதுக்குள்ள தேறிருவானுவ. உமக்க மவன்தான் கேப்டன். கப்பு நமக்குத்தான்.”

“அடுத்த வருசம் அவன் ஏது? கொழும்புக்கு அனுப்புதேன், கடையில நிக்க. அவனுக்கு இன்னும் தெரியாது.”

“அப்பம் சனிக்கிழமையே செயிச்சிருவோம் வேய்,” என்றார் வாத்தியார்.

“வேண்டாம் சாரே. செயிச்சான்னா போவமாட்டேன்னு நிப்பான். தோத்துட்டே போவட்டும்.”