சர்க்காரு குடிவராத ஊடு

என்னங்க சாமி சொல்றீங்க? அடமானம் வெச்ச ஊட்டுல நாங்களே குடியிருந்திருக்கலாமா? சட்டத்துல அப்படித்தான் இருக்குதா? இருங்க இருங்க, எந்திரிக்காதீங்க. இந்தக் கல்லு மேலயே உக்காருங்க. அடிவாரத்துல இருந்து மூணு மணி நேரம் ஏறி வந்திருக்கறீங்க, மூச்சு இன்னும் அடங்கலை. ஊடு எங்க ஓடிப் போகுது? இந்த மேட்டைத் தாண்டுனா ஓட்டுக் கூரை தெரியும். நாலு வருசம் நின்னது இன்னுங் கொஞ்ச நேரம் நிக்காதா? ஏல நோட்டீசைப் பொறவு ஒட்டிக்கலாம்.

சிரிக்காம என்ன பண்றதுங்க? எங்க மலையில அடமானம்னா என்னன்னு தெரியுங்களா? பொன்னன்னு என்ற பங்காளி ஒருத்தன், மக கண்ணாலத்துக்கு அவன் பலாமரத்தை எங்கிட்ட வெச்சுப் பத்து ரூவா வாங்குனான். அன்னைக்கிருந்து அந்த மரத்துப் பழம் எனக்கு. வட்டின்னு காலணா கேக்க மாட்டேன். பழந்தான் வட்டி. பணத்தைத் திருப்புனா மரம் அவனுக்கு. அதுக்கு முன்னால அவன் ஏறி ஒரு பிஞ்சைத் தொட்டாலும் திருட்டு. ஊர்க்கவுண்டரு முன்னால துண்டை இடுப்புல கட்டிட்டு நிக்கோணும்.

இப்படி இருக்கையில, உங்க கடன் ஆபீசுல இருந்து ராசப்பன்னு ஒரு கிளார்க்கு வந்தாரு. குடை புடிக்க ஒரு ஆளு, பொட்டி தூக்க ஒரு ஆளு. காத்தா, புல்லுக் கூரையில நனையறியேப்பான்னு எனக்காக உருகுனாரு பாருங்க, என்ற அப்பனே அப்படி உருகுனதில்லை. ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதைதானுங்க. பொறவுதான் சங்கதி தெரிஞ்சுது. கீழ் நாட்டுல நெல்லு வெலை படுத்துருச்சாம், எவனும் ஊடு கட்டறதில்லையாம், ஓட்டுச் சூளைக்காரனும் மரக்கடைக்காரனும் சரக்கை அடுக்கி வெச்சுட்டு அழுவறாங்களாம். அவிய ஏவாரம் எந்திரிக்கோணும்னு சர்க்காரு ஊட்டுக் கடன் குடுக்குதாம். ஊரான் ஊட்டு நெய்யே, எம் பொண்டாட்டி கையே!

முந்நூறு ரூவா கடன். ஒத்த ரூவாயை நான் கண்ணுல பாக்கலைங்க. பணம் நேரா சூளைக்குப் போயிருச்சு, சீமை ஓடு எந் தலையில ஏறி மலைக்கு வந்துச்சு. நெசமாலுமே தலையிலதான், வண்டிப் பாதை ஏது? மூணு ஓட்டுக்கு ஒரு ஓடு வழியிலயே ஒடஞ்சுது. ஒடஞ்ச ஓட்டுக்கும் வட்டி உண்டுங்களா? உண்டா! அப்படிப் போடுங்க.

ரேகை வெக்கறப்பத் தெளிவாக் கேட்டேன். ஊடு யாருக்குங்கன்னேன். கடன் தீர்ற வரைக்கும் சர்க்காருக்கு அடமானம்னாரு. சரி, நாயமான பேச்சுன்னு நெனச்சேன். ஊட்டைக் கட்டுனேன், பூட்டுனேன், பக்கத்துல பழைய குடிசையிலயே இருந்துக்கிட்டோம். சர்க்காரு வந்து குடியிருந்து அனுபவிச்சுக்கட்டும், அதுதான் வட்டின்னு.

சிரிங்க, நல்லாச் சிரிங்க. சர்க்காருன்னா எத்தனை பேருங்கன்னு என்ற பொண்டாட்டி இருசாயி கேட்டா. எனக்கென்ன தெரியும்? பெருங் குடும்பமாத்தான் இருக்கும்னேன். ரெண்டு அடுப்புப் போட்டு வெச்சா. சோறாக்க ஒன்னு, சர்க்காரு குளிக்கச் சுடுதண்ணிக்கு ஒன்னு. கீழ் நாட்டு ஒடம்பு நம்ம குளிரு தாங்காதுன்னா. அமாவாசைக்கு அமாவாசை சாணி போட்டு மொழுகுவா, வெறகு அடுக்குவா, வெளிய வந்து பூட்டிருவா. பாதையில ஆள் சத்தங் கேட்டா எட்டி எட்டிப் பாப்பா. லண்டன்ல இருந்து வரோணுமல்லோ, கப்பலு தாமசமாகும்னு நான் வேற சொல்லி வெச்சேன். மலைக்காச்சலுக்குப் பயந்துட்டு உங்காளுக ஒருத்தரும் ஏறலை. அது என்ற தப்புங்களா? பழத்தைப் பறிக்காம அழுக விட்டவன் மரக்காரங்கிட்ட வட்டி கேக்கற நாயம் எந்த ஊருல நடக்குது?

எங்க கெளம்பிட்டீங்க? குடிசையில மக பாப்பாத்தி இருக்கறா, களி கிண்டிட்டிருப்பா. அவ ரேகையும் வேணுமா? எதுக்குங்க அவ? என்ற பத்து வெரலையும் வெக்கறேன், எடுத்துக்குங்க.

சர்க்காரு ஊட்டுக்குக் கடன் குடுக்கலாமா வேண்டாமான்னு சனத்தைக் கேட்டு எழுதச் சொல்லியிருக்கறாங்களா? நல்ல கேள்வி. பந்தி முடிஞ்சு எலையெடுத்த பொறவு உப்பு வேணுமான்னு கேக்கறீங்க. எழுதிக்குங்க. ஓடு விக்கோணும்னா அந்தக் கடனைச் சூளைக்காரனுக்கே குடுங்க, அவனே பத்து ஊடு கட்டி மாத்தி மாத்திப் படுத்துக்கட்டும். எங்களுக்கு ஊடு வேணும்னா ஊரு கூடிக் கட்டும். இன்னைக்கு எனக்குப் புல்லுக் கூரை வேய்வாங்க, நாளைக்கு அவங்களுக்கு நான் வேய்வேன். அதையும் உங்க கடன் வந்து கெடுத்துச்சு. சர்க்காரு பணத்துல ஊடு கட்டுனவனுக்குக் கூரையும் சர்க்காரே போடட்டும்னு எவனும் வரலைங்க. குடிசைக்கு மூணு வருசமாப் புல்லு மாத்தலை.

ஏலமா? தாராளமாப் போடுங்க. மலையில அடுத்தவன் ஊட்டை எவன் ஏலங் கேப்பான்? நீங்களே ஓட்டைப் பிரிச்சுத் தலையில சொமந்துட்டு எறங்குங்க. பாத்து, மூணுக்கு ஒன்னு ஒடையும்.

அட, பாப்பாத்தியே இங்க வாரா. அவ வந்து சேர்றதுக்குள்ள ஒன்னு சொல்லிப் போடறேன். போன ஐப்பசியில எட்டு நாளு அடைமழை. குடிசை பூராவும் ஒழுகுது. இருசாயிக்குக் காச்சல், ஒடம்பு தூக்கித் தூக்கிப் போடுது. ஏனுங்க, மழை விடற வரைக்கும் அந்த ஊட்டுக்குள்ள போயிரலாமான்னு கேட்டா. பாப்பாத்தி பூட்டைத் தெறக்கவே ஓடிட்டா. நாந்தான் மறிச்சேன். வெச்ச பொருளைத் தொடறது திருட்டு, நம்ம வமுசத்துல அது கெடையாதுன்னேன். மூணாம் நாளு இருசாயி போயிட்டா. புள்ளைக்கு எம்மேல கோவமில்லைங்க. அப்பன் நாயத்துக்குக் கட்டுப்பட்டான்னு நெனச்சுட்டிருக்கறா. அதுக்குத்தான் உங்களை இந்நேரமா இங்கயே உக்கார வெச்சு வாயடிச்சுட்டிருக்கறேன். ஊட்டை எடுத்துக்குங்க, என்னையச் செயில்ல வேணாப் போடுங்க. நாங்க உள்ள போயிருக்கலாம்னு மட்டும் அவ காதுல போட்டுறாதீங்க சாமி.