வாள்சண்டையில் போன கண்

— ஐயய்யோ, நீ எதுக்குப்பா வந்த? இன்னிக்கு ஷெட்டுல வேலை இருக்குன்னுதானே சொன்ன!

— மேஸ்திரி கால்ல விழாத குறையாக் கேட்டு வந்திருக்கேன், கட்டெறும்பு. நீ கொள்ளைக்காரக் கேப்டன் வேஷத்துல வாள் சுத்துறதப் பாக்காம எனக்கு என்ன வேலை? அட அட, மீசையப் பாரு! யாரு வரைஞ்சா?

— டீச்சர். தொடாத, அழிஞ்சிடும்! மூணாங்கிளாஸ் பாட்டு முடிஞ்சதும் நாங்கதான். நீ ஹாலுக்குள்ள வராத. இந்த மேடைப் படிக்குப் பின்னாடியே இரு. எங்க கிளாஸ் பசங்க யார் கண்ணுலயும் பட்டுடாத.

— ஏண்டி, என் கண்ணுக் கட்டைப் பாத்து பயந்துடுவாங்களா? சரி விடு. கடைசில சுவரோரமா நிக்கறேன். உன் அப்பான்னு யார்கிட்டயும் சொல்லிக்க மாட்டேன்.

— அது இல்லப்பா! நீ... நெஜக் கடல் கொள்ளைக்காரன்னு சொல்லி வெச்சிருக்கேன்.

— என்னது!

— கண்ணு வாள்சண்டையில போச்சுன்னு. ஒருத்தி என்னை ஒத்தக்கண்ணன் பொண்ணுன்னு கிண்டல் பண்ணா. ஆமாடி, எங்கப்பா கப்பலே வெச்சிருந்தாருன்னு சொல்லிட்டேன். அதனாலதான் யாரு கேப்டன்னு டீச்சர் கேட்டப்போ கிளாஸே எனக்குக் கை தூக்குச்சு.

— அடிப்பாவி! ஷெட்டுல கிரைண்டர் மிஷின்ல இரும்பு தெறிச்ச கதையக் கொண்டுபோய் எந்தக் கடல்ல விட்டிருக்க!

— கத்தாதப்பா! உண்மை தெரிஞ்சா தொப்பியப் பிடுங்கிடுவாங்க.

— கேப்டன்! கேப்டன்! செத்தோம்! பாய்மரம் சாஞ்சிடுச்சு! அட்டை கிழிஞ்சு தொங்குது, ஒட்டுனா நிக்கவே மாட்டேங்குது!

— மெதுவாப் பேசுடா பல்லா! டீச்சர் எங்க?

— அந்தப் பக்கம் கிளி வேஷத்துக்கு றெக்கை தெச்சிட்டு இருக்காங்க. கிளி அழுவுது. பாட்டு வேற முடியப் போவுது, செத்தோம்... கேப்டன், இவரு உங்கப்பாவா?

— ஆ... ஆமா.

— யம்மாடி! நெஜமாவே கறுப்புக் கட்டு!

— தம்பி, அந்தப் பாய்மரம் எவ்ளோ உயரம்?

— உங்க உயரம்தான் மாமா.

— அப்ப நானே பின்னாடி நின்னு பிடிச்சுக்கறேன். என்ன கேப்டன், உங்க கப்பல்ல ஆள் எடுக்கறீங்களா?

— ...வா. ஆனா வாயத் திறக்காத. சத்தியமாத் திறக்காத!

— உத்தரவு.

— கேப்டன், டீச்சர் கூப்பிடறாங்க பாரு, நீ முன்னாடி ஓடு! நான் இவரக் கூட்டிட்டு வரேன்.

— பல்லா, அவர்கிட்ட ஒண்ணும் கேக்கக் கூடாது!

— கேக்கல, போ!... மாமா, குனிஞ்சு வாங்க. அங்க கால் வெக்காதீங்க, அது கடல். ம், இங்க. இதான் பாய்மரம். மாமா, சண்டை எப்படி இருந்துச்சு?

— பேசக் கூடாதுன்னு கேப்டன் உத்தரவு.

— அவதான் அந்தப் பக்கம் போயிட்டாளே. ஒண்ணே ஒண்ணு மாமா!

— ம்... இரும்போட இரும்பு மோதுச்சு. நெருப்பாப் பறந்துச்சு. ஒரு துண்டு நேரா வந்து கண்ணுல பாஞ்சுது.

— எதிரி செத்தானா?

— எங்க! அப்படியேதான் இருக்கான். தினம் காலையில போய் அவன்கூடத்தான் மல்லுக்கட்டுறேன்.

— பயமா இல்லையா?

— பயம்தான். அதுக்காகக் கப்பல விட்டு இறங்கிட முடியுமா? வீட்டுல ஒரு கேப்டன் இருக்காளே.

— எல்லாரும் தயாரா? திரை தூக்கறாங்க! ப்பா, கெட்டியாப் பிடி! பல்லா, வாளை உருவு!

— உருவிட்டேன் கேப்டன்!... மாமா, காதக் குடுங்க. அந்த எதிரிக்குப் பச்சை ஒண்ணு, சிவப்பு ஒண்ணுன்னு ரெண்டு சுவிட்ச் இருக்குமே? எங்கப்பா ஷெட்டுல உங்களுக்குப் பக்கத்து மிஷின்தான். அன்னிக்கு உங்களத் தோள்ல போட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனாரே, அவருதான்.

— டேய்! அப்ப உனக்கு எல்லாம்...

— கேப்டன்கிட்ட சொல்லிடாதீங்க மாமா. அவளுக்கு முதல்ல கை தூக்குனதே நான்தான்.