யப்பான்காரிக்குத் தமிழ் படிப்பிச்ச கதை

மிதுசனோ? ஓம், தெரியும். நல்லாத் தெரியும். பரிசிலை இந்த லூயி-பிளாங் றோட்டிலை கலியாணத்துக்கு அவனைப் பற்றி விசாரிக்கிறதெண்டால் என்னட்டைத்தான் வரவேணும். பக்கத்து நகைக்கடைக்காரர் சொல்லிவிட்டவரோ? சரியாத்தான் சொல்லியிருக்கிறார். இருங்கோ ஐயா, கதிரையிலை திருத்த வந்த ரெலிபோன் பெட்டியள் கிடக்கு, தள்ளிவிட்டிட்டு இருங்கோ. லண்டனிலை இருந்து இதுக்கெண்டே வந்தனீங்களோ? பொம்பிளைப் பிள்ளையின்ரை தாய்மாமன் எண்டால் வரத்தானே வேணும்.

படத்தை ஒருக்காத் தாங்கோ, கண்ணாடியைப் போட்டிட்டுப் பாப்பம். ம்... வடிவான பிள்ளை. பச்சைச் சாறி. இந்தாங்கோ, வையுங்கோ.

என்ன, மேல் தட்டிலை இருக்கிறதையோ பாக்கிறீங்கள்? அது யப்பான் கொம்பியூட்டர். நான் பிறக்க முதல் வந்த சாமான். மிதுசன்ரைதான். அவனைப் பற்றிச் சொல்லுறதெண்டால் அதிலை இருந்துதான் தொடங்கவேணும்.

இஞ்சை யூனிவெர்சிற்றியிலை யப்பான் பாசை படிச்சவன் அவன். படிக்கேக்கை தோக்கியோ போனவன். மற்ற ஆக்கள் உடுப்பு, பொம்மை எண்டு கொண்டுவர, இவன் இந்தப் பெட்டியையும் ஒரு பை நிறைய ஃபிளொப்பியையும் காவிக்கொண்டு வந்தான். பெட்டி வேலை செய்யேல்லை. என்னட்டைக் கொண்டுவந்தான், நான் திறந்து திருத்தினன். அப்பிடித்தான் பழக்கம்.

திருத்திப்போட்டுப் பாத்தால், கேம். பெரியாக்களின்ரை கேம். நீங்கள் வயசுக்கு மூத்தவர், மறைக்கேலாது, உடுப்பில்லாத படம் வரும். ஆனா சுடுறது, ஓடுறது ஒண்டும் இல்லை. வாசிக்கிறதுதான் வேலை. மேலை எட்டே எட்டு நிறத்திலை படம் நிக்கும், கீழை எழுத்து ஓடும். பார், கேள், போ எண்டு நாங்கள் சொல்லவேணும். பிழையாக் கேட்டால் கதையிலை வாற பொம்பிளை கதவைச் சாத்திப்போடும், திருப்பி முதலிலை இருந்து தொடங்கவேணும். ஒரு படத்தைக் காணுறதுக்கு ஒரு புத்தகம் வாசிக்கவேணும் ஐயா. கூடாத எண்ணத்தோடை வாறவன் அந்தப் பாடு படமாட்டான்.

துறைமுகத்திலை சாப்பாட்டுக்கடை வைச்சிருக்கிற பொம்பிளை அவள். புருசன் கப்பலிலை போனவன், திரும்பி வரேல்லை. வாறவன் போறவன் எல்லாம் அவளிட்டை ஏதோ கேக்கிறான், அவளை ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை. எனக்குப் பிடிச்சுப்போச்சு. எனக்கு யப்பான் தெரியாது, மிதுசன் வாசிச்சு வாசிச்சுச் சொல்லுவான். ஒருநாள் நான்தான் சொன்னன், இவளைத் தமிழிலை கதைக்க வைப்பமடா எண்டு.

அந்தப் பெட்டிக்குத் தமிழ் எழுத்து எங்கை தெரியும்? ஒவ்வொரு எழுத்தையும் நான் புள்ளி புள்ளியாக் கீறினன். ழ-வோடை பட்ட பாட்டைக் கேக்காதேங்கோ. அவன் பொருளைச் சொல்ல நான் வசனம் எழுதினன். நான் எழுதினால் எங்கடை யாழ்ப்பாணப் பாசைதானே வரும். வாங்கோ, இருங்கோ, சாப்பிட்டீங்களோ எண்டு கேக்கிறாள். உடுப்பைக் கழட்டிப்போட்டு நிண்டுகொண்டும் தேத்தண்ணி குடிக்கிறீங்களோ எண்டுதான் கேக்கிறாள். மிதுசன் விழுந்து விழுந்து சிரிச்சான். ஞாயிற்றுக்கிழமையளிலை கடையைப் பூட்டிப்போட்டு, கொத்துரொட்டி வேண்டி வைச்சுக்கொண்டு நானும் அவனும் இதுதான். எனக்குக் கூடப்பிறந்ததுகள் இல்லை. அவனைத் தம்பி எண்டுதான் வைச்சிருந்தன்.

பேந்து எனக்கு ஒரு சம்மந்தம் வந்தது. குறிப்புப் பொருந்தி, பிள்ளையும் நானும் ரெலிபோனிலை கதைச்சு, ரெண்டுபேருக்கும் பிடிச்சிருந்தது. நல்லாப் பிடிச்சிருந்தது ஐயா. பிறகு விசாரிக்க வந்தவை, இப்ப நீங்கள் வந்த மாதிரி. என்ரை சிநேகிதன் எண்டு மிதுசனிட்டைப் போயிருக்கினம்.

எங்கடை சனம் விசாரிக்கேக்கை ஆரும் ஒருத்தனைக் கூடாதவன் எண்டு சொல்லமாட்டினம், உங்களுக்குத் தெரியும்தானே. நல்ல பெடியன் எண்டு சொல்லிப்போட்டு, ஆனா எண்டு ஒரு இழுவை இழுப்பினம். அதோடை கலியாணம் முடிஞ்சுது. இவன் இழுத்ததோடை நிக்கேல்லை, தான் ரெலிபோனிலை எடுத்த வீடியோவையும் காட்டியிருக்கிறான். பெட்டிக்கு முன்னாலை நான். திரையிலை உடுப்பில்லாமல் அவள். கீழை நான் கீறின தமிழ். எங்கடை அண்ணைக்கு ஞாயிற்றுக்கிழமையளிலை இதுதான் வேலை எண்டு சொன்னவனாம். பெட்டி தன்ரை எண்டு சொல்லேல்லை. வாசிச்சுச் சொன்னது தான் எண்டும் சொல்லேல்லை.

அந்தப் பிள்ளை என்னை புளொக் பண்ணிப்போட்டுது. எங்கடை சனம் புழங்கிற இந்த லாச்சப்பல் முழுக்க இதுதான் கதை. பிலிப்-து-ஜிரார் றோட்டாலை நடக்க, யப்பான்காரி சுகமோ அண்ணை எண்டு கேட்டவங்கள். அம்மா கோயிலுக்குப் போறதையே விட்டிட்டா.

மிதுசனைக் கூப்பிட்டுக் கேட்டன். அழுதான். ஆரோ சும்மா வந்த ஆக்கள் எண்டு நினைச்சுப் பகிடிக்குக் காட்டினது, விசாரிக்க வந்தவை எண்டு தனக்குத் தெரியாது எண்டான். நான் நம்பினன். மன்னிச்சன். போன கிழமையும் நீங்கள் இருக்கிற கதிரையிலைதான் இருந்து பிளேன்ரீ குடிச்சிட்டுப் போனவன். கலியாணம் பேசுப்படுது எண்டு வாயே திறக்கேல்லை.

சரி, நீங்கள் கேட்டதுக்கு வாறன். குடி இல்லை. சிகரெட் இல்லை. பிரெஞ்சு நசனலிற்றி இருக்கு. தாய் தேப்பனைப் பாக்கிறவன். நல்ல பெடியன். நான் ஆனா எண்டு இழுக்கமாட்டன். அது ஒரு ஆளை என்ன செய்யும் எண்டு எனக்குத் தெரியும்.

படத்தை இன்னொருக்காத் தாங்கோ ஐயா. இவ்வளவு காலமும் அவன் பகிடிக்குத்தான் செய்தவன் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன். இண்டைக்குத்தான் விளங்குது.

முந்தி ஒரு இடம் பேசிக் குழம்பினது எண்டு வீட்டிலை உங்களுக்குச் சொல்லியிருப்பினம். அது நான்தான் எண்டு சொல்லியிருக்கமாட்டினம். உந்தப் படம் ஆர்ஜொந்தெயிலை பிள்ளை வீட்டு பல்கணியிலை எடுத்ததுதானே? பின்னாலை கறிவேப்பிலைச் சட்டி நிக்குது. சுபாங்கி. நீங்கள் பேர் சொல்லேல்லை, எனக்குத் தெரியும். இதே படம்தான் எனக்கும் அனுப்பினவை. வந்தவுடனை, சந்தோசத்திலை, முதல் ஆளா மிதுசனுக்குத்தான் காட்டினன்.