முத்தையா அண்ணன் கொடுத்த உத்தரவு

பின் யுவோங்கிலிருந்து சைகோன் திரும்பும் பேருந்து. முன்னிருக்கையில் நரைத்த தலையோடு இரண்டு தமிழர்கள்; ஒருவர் இப்போதுதான் வந்து ஏறியவர்.

“செத்தும் முத்தையா அண்ணன் திருந்தலப்பா.”

“கல்லறை கெடைச்சுச்சாண்ணே?”

“அவரோட வியட்நாம் சம்சாரத்து ஊரு மயானத்துல கெடந்துச்சு. காப்பி வச்சுக் கும்பிட்டேன். காவக்காரர் ரெண்டு காசக் குடுத்து, ‘சுண்டிப்போட்டு உத்தரவு கேட்டுட்டுத்தான் கெளம்பணும். ஒண்ணு பூ, ஒண்ணு தலை விழுந்தாச் சரி. ரெண்டும் ஒண்ணா விழுந்தாக் கூடாது’ன்னாரு.”

“அவரு எதைக் கேட்டாலும் கூடாதும்பாரே! எழுபத்தஞ்சுல இங்க ஆட்சி மாறி நம்மாளுக எல்லாரும் ஊருக்குக் கெளம்புனப்பவும் அப்படித்தான சொன்னாரு?”

“‘கெளம்பவா?’ன்னு ஏழு தடவை கேட்டேன். ஏழு தடவையும் கூடாதுன்னுட்டாரு.”

“அப்புறம் எப்படி வந்தீக?”

“‘சரி, இங்கேயே உங்களோட தங்கிரவா?’ன்னு மாத்திக் கேட்டேன். அதுக்கும் கூடாதுன்னாரு. ஒடனே வந்து பஸ் ஏறிட்டேன்.”