அக்கா வேஷம்

— இல்ல மாமா, அக்கா அப்படி ஆரம்பிக்க மாட்டா. "சாப்பிட்டீங்களா"ன்னுதான் முதல்ல கேப்பா.

— சரி, கேளு.

— "சாப்பிட்டீங்களா?"

— சாப்பிட்டேன். இங்க பாரும்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அதாவது...

— "எங்க சாப்பிட்டீங்க?"

— மாப்ள, நான் சொல்ல வந்தது வேற.

— அது எனக்குத் தெரியும். அக்காவுக்குத் தெரியாதுல்ல? தலையை ஆட்டாதீங்க, காதுகிட்ட கத்தரி இருக்கு.

— சாப்பிடலன்னே வச்சுக்கோ.

— அப்ப தட்டை வச்சிருவா. வாய் நிறைய சோத்தை வச்சுக்கிட்டு, இனிமே என்னால பஸ் ஓட்ட முடியாது, கண்ணு போச்சுன்னு எப்படிச் சொல்வீங்க?

— கண்ணு போகலடா. அதாவது, ஓரம்தான் போச்சு. நேரா எல்லாம் பளிச்சுனு தெரியுது. இடது பக்க ஓரம் மட்டும் இல்ல.

— பஸ்ஸுக்கு ஓரமும் கொஞ்சம் வேணுமே மாமா.

— நீயும் சொல்லு. டாக்டர் சொன்னாரு, மேனேஜர் சொன்னாரு, இப்ப முடி வெட்டுறவனும் சொல்லிட்டான்.

— எங்க மாமா வெட்டுறேன்? போன வாரம்தான் வெட்டுனேன். உங்களை உக்கார வைக்க ஒரு சாக்கு வேணுமேன்னு கத்தரியைச் சும்மா காத்துல ஆட்டிக்கிட்டு இருக்கேன். டிப்போவுல வேற என்ன வேலை குடுக்குறாங்களாம்?

— டயர் குடோன்ல. வர்ற டயரைப் பாக்கணும், போற டயரைப் பாக்கணும்.

— உக்காந்து பாக்குற வேலை. நல்லதுதானே.

— பஸ் ஓட்டுறதும் உக்காந்து பாக்குற வேலைதான்டா.

— அதுவும் சரிதான்.

— எல்லாரும் ஆறுதல் சொல்லியே ஆளைக் கொன்னுட்டாங்க மாப்ள. மேனேஜர் தோள்ல கை வச்சு, இதை ஒரு ஓய்வா நினைச்சுக்கோங்கன்னாரு. கேன்டீன்காரர், எங்க மாமனாருக்கும் இதேதான், மனசை விடாதீங்கன்னாரு. இப்ப எப்படி இருக்காருன்னு கேட்டேன். போய்ச் சேந்துட்டாராம்.

— நல்லா சொன்னாரு ஆறுதல். சரி, மறுபடி ஒத்திகைக்கு வாங்க. சாப்பாடு முடிஞ்சிருச்சு. அக்கா உங்களையே பாத்துக்கிட்டு நிக்கிறா. சொல்லுங்க.

— கண் பரிசோதனைக்குக் கூப்பிட்டாங்கம்மா. பாத்தாங்க. ஓட்டக் கூடாதுன்னுட்டாங்க.

— "எப்பலேருந்து தெரியல?"

— நேத்துலேருந்து.

— "பொய் சொல்லாதீங்க. நேத்துதான் டாக்டர் சொன்னாரு. கதவு நிலையில இடது தோளை இடிச்சுக்கிட்டு வர்றது எத்தனை மாசமா நடக்குது? தட்டுல இடது பக்கம் வச்சதெல்லாம் வச்சபடி கிடக்கு. என் சமையல்தான் புடிக்கலையோன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

— இரு இரு. இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்? நீ எங்க வீட்ல சாப்பிட்டே ரொம்ப நாளாச்சே.

— அக்காவா நடிக்கச் சொன்னீங்க. நடிக்கிறேன்.

— இவ்வளவு தத்ரூபமா வேணாம். கொஞ்சம் பிரேக் போட்டு நடி.

— சரி. "உங்க சட்டை ஏன் இவ்வளவு கசங்கியிருக்கு?" இப்ப எப்படி?

— அக்காவேதான்டா. கேளு, எனக்கு வேலை போனதுகூடப் பெருசா தெரியல. எவனோ போட்டுக் குடுத்திருக்கான், அதான் மனசு ஆறல. எப்பவும் எல்லா டிரைவரையும் ஒண்ணாத்தான் கண்ணு பாக்கக் கூப்பிடுவாங்க. இந்தத் தடவை என்னை மட்டும் கூப்பிட்டாங்க. ஏன்? ஒருத்தன் போய்ச் சொல்லியிருக்கான்.

— யாரு சொல்லியிருப்பா?

— வேற யாரு, என் கண்டக்டர்தான். விசிலு. கூடவே இருக்கிறவன்தானே இதைக் கவனிக்க முடியும். காலைல வந்து என் கையைப் புடிச்சுக்கிட்டு அழுதான். செய்யிறதையும் செஞ்சுட்டு அழுகை வேற. கையை உதறிட்டு வந்துட்டேன்.

— பாவம் மாமா. அவருக்கு உங்க மேல ரொம்பப் பிரியம்.

— பிரியமா? கடைசி சீட்ல படுத்து அவன் போட்ட தூக்கமெல்லாம் எனக்குத் தெரியும். ஒரு தடவை மேனேஜர்கிட்ட வாயைத் திறந்திருப்பேனா? நாளைக்குத் திறக்கப் போறேன். அவனும் என்கூட டயர் பாக்கட்டும்.

— மாமா, அது வேணாம்.

— ஏன் வேணாம்? அவனுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?

— இன்னும் ஒரே ஒரு தடவை அக்காவா பேசுறேன். நடுவுல பேசாதீங்க. "அன்னிக்கு உங்க பஸ்ல பின்வாசல் வழியா ஏறினேன். உங்களுக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்து முன்னாடி ஒரு பொண்ணு சைக்கிள்ல இடது பக்கமா வந்துச்சு. உரசுற மாதிரி போனீங்க. அது சைக்கிளைப் போட்டுட்டு நடைபாதைல குதிச்சுத் தப்பிச்சுது. நீங்க பாட்டுக்குப் போய்க்கிட்டே இருந்தீங்க."

— சைக்கிளா? எந்த சைக்கிள்?

— அதேதான் மாமா. எந்த சைக்கிள்னு கேக்குறீங்க பாத்தீங்களா.

— ...உங்க அக்கா எப்படா என் பஸ்ல ஏறினா?

— விசிலை விட்டுருங்க. அவருக்கு ஒண்ணும் தெரியாது. மேனேஜரைப் போய்ப் பாத்தது அக்கா. நேத்து நீங்க டாக்டர்கிட்ட இருந்தப்ப, வீட்ல அவ ஒரு வாய்கூடத் திங்கல. காலைல இங்க வந்தா. உங்க மாமாகிட்ட இதை எப்படிடா சொல்லுவேன்னா. நான் நீங்களா இந்த நாற்காலில உக்காந்தேன், அவ பின்னாடி நின்னு சொல்லிப் பாத்தா.

— முழுசா சொன்னாளா?

— சொன்னா.

— நான் என்ன செஞ்சேன்?

— எந்திரிச்சு வெளிய போயிட்டீங்க மாமா. எனக்கு வேற ஒண்ணும் தோணல. அக்கா அந்த பெஞ்சுல உக்காந்து அழுதா.

— என்னைத் தப்பா நடிச்சிருக்க, மாப்ள. அவளை மறுபடி வரச் சொல்லு.