ஜார்ஜ் சாரின் சம்மதம்

இல்ல. ஹோ இல்ல. நான் என்ன கேட்டேன், நீங்க என்ன சொல்லுதீங்க? அட்டையையே பாத்துட்டு இருக்காதீங்க அத்தான், என் வாயைப் பாருங்க. மெர்ஜர். உதட்டை மூடிக்கிட்டு ஆரம்பிக்கணும். ம்... மெர்... ஆங், பாதி வந்துட்டு. மிச்சத்தையும் கொண்டு வாங்க. மெர்...

ஹோன்னா சொன்னீங்க? சரி, போகட்டும். அடுத்தது. டேக்கோவர்.

முகத்தைத் திருப்பாதீங்க. எனக்கு மட்டும் ஆசையா என்ன? கேம்ப் ஏரியா ஸ்கூல்ல ஆயுசு பூரா இங்கிலீஷ் சொல்லிக்குடுத்தவ நான். எத்தனை கவிதை, எத்தனை நாடகம்! என் பிள்ளைங்க யாராவது சினர்ஜின்னு ஒரு வார்த்தையைக் கட்டுரையில எழுதியிருந்தா சிவப்பு மையில வட்டம் போட்டு, இதுக்கு அர்த்தம் உனக்கே தெரியுமான்னு பக்கத்துல எழுதியிருப்பேன். கடைசியில என் தலையெழுத்து, நம்ம அட்டைப்பெட்டி ஃபேக்டரி அட்டையிலயே துண்டு வெட்டி, மார்க்கெட் ஷேர், ஸ்ட்ராட்டஜி, டர்ன்ஓவர்னு கொட்டை எழுத்துல எழுதி, கட்டின புருஷன் முன்னாடி தூக்கிப் பிடிச்சுட்டு உக்காந்திருக்கேன்.

நான் ஒழுங்காத்தான் ஆரம்பிச்சேன். சோறு, தண்ணி, சட்டை, ஃபேன். நீங்கதான் வாயையே திறக்கல. ஸ்பீச் தெரபிக்கு வர்ற கிருஷ்ணப்ரியாதான் கேட்டா. கோயம்புத்தூர்ப் பிள்ளை, அவளுக்கு இருக்க பொறுமை எனக்குக் கிடையாது. ஆன்ட்டி, ஸ்ட்ரோக் வர்றதுக்கு முன்னாடி சார் வீட்டுல எதைப் பத்தி அதிகமா பேசுவார், அந்த வார்த்தைகள்ள இருந்து ஆரம்பிச்சுப் பாக்கலாம்னா. எனக்குச் சிரிப்பு வந்துட்டு. என்ன பேசுவீங்க நீங்க? நம்ம ஜெபிஷா ஒரு பையனை விரும்புதேன்னு வந்து நின்னப்ப, டியூ டிலிஜென்ஸ் பண்ணாம எந்த மெர்ஜரும் கிடையாதுன்னு சொன்ன மனுஷன். பெத்த பிள்ளைகிட்ட! அவ அழுகதா சிரிக்கதான்னு தெரியாம அப்படியே நின்னா. அடுப்படிக்கு ஒரு ஆள் வேணும்னு நான் கேட்டா, கோர் பிசினஸை அவுட்சோர்ஸ் பண்ணக் கூடாது ஃப்ளோராம்பீங்க. தலையை ஆட்டாதீங்க. சொன்னீங்க. அந்தத் தோசைக்கரண்டி என் கையில இருந்ததால எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.

சரி, டேக்கோவர். நாக்கு நுனி பல்லுக்குப் பின்னால. டே...

ஹோ.

எனக்கு இந்த ஒரு வார்த்தையைக் கேட்டாலே பத்திக்கிட்டு வருது, உண்மையைச் சொல்லுதேன். ஹடப்சர் ஃபேக்டரியில மராட்டி ஆளுங்ககிட்ட வேலை வாங்கி வாங்கி, ஆமாங்கறதை ஹோன்னே பழகின நாக்கு. தமிழ் ஆமாவும் போயிட்டு, இங்கிலீஷ் யெஸ்ஸும் போயிட்டு, மராட்டி ஹோ மட்டும் ஒட்டிக்கிட்டு நிக்குது. அதுவும் ஆமான்னு நினைச்சுத்தான் சொல்லுதீங்களா, வாயில வேற எதுவும் வராம சொல்லுதீங்களான்னு யாருக்குத் தெரியும்? பால்காரன் இன்னொரு பாக்கெட் போடவான்னான், ஹோ. நாலு நாளா தயிர் புளிச்சுக் கிடக்கு. சொசைட்டி செகரட்டரி சுப்ரமணியன் வந்து, சார், இந்த வருஷம் கணபதி விழா கமிட்டிக்கு நீங்கதான் தலைவர்னார், ஹோன்னுட்டீங்க. ஞாயித்துக்கிழமை தவறாம கோயில்ல முதல் பெஞ்சுல உக்காருத ஜார்ஜ் சார், கணபதி கமிட்டித் தலைவர்! போர்டுல பேர் எழுதப் போன ஆளை நான்தான் ஓடிப்போய் நிறுத்துனேன். பாஸ்டர் அம்மாவுக்கு இன்னும் சந்தேகம் தீரல.

சிரிக்கீங்களா? சிரிங்க, சிரிங்க. பாதி வாயிலதான் வருதுன்னாலும் சிரிப்பு சிரிப்புதானே. எனக்குத்தான் சிரிப்பு வரல.

ஏன்னா நாளைக்குக் காலையில வர்றது பால்காரன் இல்ல. நம்ம ஃபேக்டரியை விலைக்குக் கேக்குத அந்தப் பெரிய கம்பெனி ஆளுங்க. உங்க தம்பி சேவியர்தான் கூட்டிட்டு வாரான். இதே ஹால்ல, இந்த சோஃபாலதான் உக்காரப் போறாங்க. வக்கீல் தெளிவாச் சொல்லிட்டாராம், பங்குதாரர் அண்ணன் தம்பி ரெண்டு பேர், ரெண்டு பேர் சம்மதமும் வேணும், ஜார்ஜ் சார் எங்க முன்னாடி வாயால சொல்லட்டும், கைநாட்டு அப்புறம் வாங்கிக்கலாம்னு. மிஸ்டர் ஜார்ஜ், ஃபேக்டரியை எங்களுக்குக் குடுக்க உங்களுக்குச் சம்மதமான்னு கேப்பாங்க. நீங்க என்ன சொல்லுவீங்க?

அதேதான். அதையேதான் சொல்லுவீங்க. வர்றவங்க மூணு பேரும் மராட்டிக்காரங்க. இங்கிலீஷ்ல நீங்க எதையாவது முனகியிருந்தாக்கூட காதுல விழலன்னு சொல்லிப் பாக்கலாம். ஹோவுக்கு என்னத்தைச் சொல்ல?

ஆமா, இந்த ஹோவை நம்பாதேன்னு சேவியர்கிட்ட சொன்னேனே. சொல்லாம இருப்பேனா? ஞாயித்துக்கிழமை கோயில் முடிஞ்சு சாங்வியில இருந்து வந்தானே, மட்டன் பஃப் டப்பாவைத் தூக்கிக்கிட்டு. உங்க காலடியில உக்காந்துகிட்டு, அண்ணே, நமக்கும் வயசாயிட்டு, குடுத்துருவமாண்ணேன்னு கேட்டான். ஹோன்னீங்க. அப்படியே உங்களைக் கட்டிப் பிடிச்சு அழுதுட்டான். நான் நடுவுல புகுந்து, குடுக்க வேண்டாமான்னு கேட்டேன். அதுக்கும் ஹோன்னீங்க. பாத்தியா சேவியர், எந்தப் பக்கம் கேட்டாலும் ஒரே பதில், இதை வச்சு ஒரு கம்பெனியை விக்க முடியுமான்னேன். அவன் என்ன சொன்னான்? அண்ணி, நீங்க கொஸ்டின் பேப்பரைக் குழப்பமா எடுத்துட்டு பிள்ளையை ஃபெயில் போடாதீங்கன்னான். பஃப்பைத் தின்னுக்கிட்டே சொன்னான். அப்புறம் போகும்போது, அண்ணனுக்கு இஷ்டமில்லன்னா ஒரே ஒரு நோ சொல்லச் சொல்லுங்க அண்ணி, நான் அந்த நிமிஷமே விட்டுருதேன்னுட்டுப் போனான். கெட்டவன்னு சொல்ல மாட்டேன். அவன் சொன்னா விடுவான். அதுக்குத்தான் இந்தப் பாடுபடுதேன்.

மெர்ஜரும் டேக்கோவரும் கிடக்கட்டும். அதெல்லாம் நாக்குச் சூடேறத்தான். இப்பம் இந்த அட்டை. ரெண்டே எழுத்து. நோ. நாக்கை மேல அண்ணத்துல ஒட்டி வைங்க. ஒட்டி... மூக்கு வழியா சத்தம் வரணும். ன்ன்... அப்படித்தான். இப்பம் வாயைக் குவிச்சு விடுங்க. ன்ன்...

ஹோ.

சவத்த, எங்க இருந்துதான் வருதோ!

சரி. கோவிக்கல. என் தொண்டை வறண்டுட்டு, அதான் குரல் ஏறிட்டு. பைய முயற்சி பண்ணுங்க, அவசரமில்ல. நீங்க நினைக்கீங்க, இவ எதுக்கு இப்படி நிக்கான்னு. அவங்க குடுத்த பேப்பரை நான் ஒரு வரி விடாம படிச்சேன், அத்தான். எல்லாம் உங்க பாஷைதான். கன்சாலிடேஷன் ஆஃப் ஆபரேஷன்ஸ்னு போட்டிருக்கான். அப்படின்னா நம்ம மெஷினைக் கழட்டி சாக்கன்ல அவங்க ஃபேக்டரியில கொண்டு வச்சுட்டு ஹடப்சர்ல கதவைப் பூட்டுறது. ரேஷனலைசேஷன் ஆஃப் வொர்க்ஃபோர்ஸ்னு போட்டிருக்கான். அப்படின்னா முகமது ரஃபீக்கை வீட்டுக்கு அனுப்புறது. பசை மெஷின்ல நிக்க ரஃபீக்தான், வேற யாரு. முந்தாநாள் என்கிட்ட வந்து, மேடம், ஹமாரா க்யா ஹோகா, எங்க கதி என்னன்னு கேக்கான். நான் இங்கிலீஷ் டீச்சர், எனக்கே அந்தப் பேப்பர்ல பதில் எழுதியிருந்த விதம் வெக்கமா இருந்துது. ஒரு மனுஷனை வெளிய போன்னு சொல்லுததுக்கு இத்தனை லத்தீன் வார்த்தை வேணுமா?

இந்த வார்த்தையெல்லாம் உங்களுக்கு மறந்துட்டு, எனக்கு மனப்பாடம் ஆயிட்டு. நேத்து நம்மகிட்ட பெட்டி வாங்குத பெயின்ட் கம்பெனி பர்ச்சேஸ் மேனேஜர் ஃபோன்ல வந்து, ரேட்டைக் குறைக்கலன்னா வெண்டரை மாத்துவோம்னான். நான், உங்க சப்ளை செயின் ரிஸ்க்கை யோசிச்சுப் பாத்துட்டு நாளைக்குப் பேசுங்கன்னேன். டக்குன்னு ஃபோனை வச்சுட்டான். அரை மணி நேரத்துல பழைய ரேட்டுக்கே ஆர்டர் வந்துட்டு. நீங்க பக்கத்துல இருந்திருந்தா, உங்களுக்கே...

சரி, அது எதுக்கு இப்பம். நோ.

இல்ல, தட்டாதீங்க. மேசையைத் தட்டாதீங்க, அட்டையெல்லாம் கீழ போகுது பாருங்க. கைதான் வலிக்கும். இருக்க ஒரு கையையும் வீணாக்காதீங்க. கண்ணைத் துடைங்க. இருங்க, நான் துடைக்கேன். உங்களுக்கு எரிச்சலா இருக்கா? எனக்கும்தான். தினமும் ரெண்டு பேரும் எதிரும் புதிருமா உக்காந்து ஒரு வார்த்தைக்கு மல்லுக்கட்டுதோம். நம்ம கல்யாணம் ஆன நாள்ல இருந்து நீங்க மூச்சுக்கு மூச்சு சொன்ன வார்த்தைதான அது? எதுக்குக் கேட்டாலும் நோ. ஸ்கூட்டர் ஓட்டப் படிக்கட்டுமா, நோ. தங்கச்சி வீட்டுக்குக் கோவில்பட்டிக்கு ஒரு வாரம் போயிட்டு வரட்டுமா, நோ. இப்பம் வேணும்னு கேக்கேன், வர மாட்டேங்கு.

அதைக் கீழ வைங்க.

அத்தான், அதைக் கீழ வைங்கன்னு சொல்லுதேன். இப்பம் நாம படிக்கது அந்த அட்டை இல்ல. தாங்க இங்க.

தெரியும். ஸெல்னு எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியாதா, எழுதினதே நான்தானே. செவ்வாய்க்கிழமை கிருஷ்ணப்ரியா வந்தப்ப நான் உள்ள காபி போட்டுட்டு இருந்தேன்னு நினைச்சீங்களா? கதவுக்குப் பின்னாலதான் நின்னேன். விக்கதுக்கு ஸெல் ஒண்ணு, வச்சுக்கிடதுக்குக் கீப் ஒண்ணுன்னு ரெண்டு அட்டையை உங்க முன்னாடி வச்சா. வாய் சொல்லுதது கிடக்கட்டும் சார், விரலால தொட்டுக் காட்டுங்கன்னா. தொட்டீங்க. இடத்தை மாத்தி வச்சா, மறுபடியும் அதையேதான் தொட்டீங்க. கேள்வியைத் திருப்பிப் போட்டுக் கேட்டா, அப்பவும் விரல் அங்கதான் போச்சு. ஆன்ட்டி, சாருக்கு எல்லாம் நல்லா விளங்குது, விக்கணும்கறதுல தெளிவா இருக்கார்னு வாசல்ல செருப்பு மாட்டும்போது எவ்வளவு சந்தோஷமாச் சொன்னா தெரியுமா. சேவியர்கிட்டயும் சொல்லட்டுமான்னா. நானே சொல்லிக்கிடுதேன்மான்னேன்.

சொல்லல.

பாக்கீங்க. ஏன்னு கேக்கீங்க, கண்ணைப் பாத்தா தெரியாதா எனக்கு. இவ்வளவு நேரம் சொன்னேனே, அது ஒண்ணும் பொய்யில்ல. சாக்கன் பொய்யில்ல, ரஃபீக் பொய்யில்ல. ஆனா அதெல்லாம் ரெண்டாவது. எனக்கு அந்த வேலை பிடிச்சுப்போச்சு, அவ்வளவுதான். நீங்க படுத்த பிறகு செக்குல கையெழுத்துப் போட ஆளில்லன்னு சும்மாதான் போனேன். உங்க நாற்காலியில உக்காந்தா, அந்தப் பசை வாடையும் மெஷின் சத்தமும்... எத்தனை வருஷமா வீட்டுக்குள்ள இருந்தே கேட்டுக்கிட்டு இருந்த வார்த்தைக்கெல்லாம் அங்கதான் எனக்கு அர்த்தம் கிடைச்சுது. ரிடையர் ஆனப்ப உங்ககிட்டதான் வந்து கேட்டேன், ஆபீஸ்ல ஒரு ஓரமா உக்காரட்டுமான்னு. ரோல் கிளாரிட்டி இருக்காது ஃப்ளோரான்னீங்க. நானும் தோட்டத்துத் தொட்டிக்குத் தண்ணி ஊத்தப் போயிட்டேன்.

இப்பம் அந்தக் கிளாரிட்டி இருக்கு. எழுபது வயசுல வந்திருக்கு. அதைப் பறிச்சு அந்த மூணு பேர் கையில குடுக்க எனக்கு மனசில்ல. உங்களுக்கு ஓய்வு வேணும், எனக்குத் தெரியும், நீங்க எடுத்துக்கோங்க. நான் பாத்துக்கிடுதேன்.

அதனால டீச்சரா கேக்கல, இப்பம். பொண்டாட்டியா கேக்கேன். எனக்காக நாளைக்கு அந்த ஒரு வார்த்தையைச் சொல்லுவீங்களா, அத்தான்?

என்ன?

இன்னொரு தடவை சொல்லுங்க.

ம்.

நல்லா வந்திருக்கு. நாக்கு மேல ஒட்டி, குரல் எறங்காம, சுத்தமா வந்திருக்கு. நோ. நீங்க படுத்த நாள்ல இருந்து உங்க வாயால வந்த முதல் முழு வார்த்தை.

இந்தாங்க, ஒரு மடக்கு தண்ணி குடிங்க. நாளைக்கும் இப்படியேதான் சொல்லணும். என்னைப் பாத்துச் சொல்ல வேண்டாம், அவங்களைப் பாத்துச் சொன்னாப் போதும்.